தண்ணீர் இருந்த வழியில் தண்டவாளம்

அடிலெய்டு, ஆஸ்திரேலியா

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் பேசினால் பாதி உங்கள் காதில் விழுவதில்லை, மீதியை அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் கடிதம். ஊட்னடாட்டா பாதையில் பைக்கில் போய், கூடாரம் போட்டுத் தங்கி, பத்திரமாகத் திரும்பிவிட்டோம். அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.

மரீ என்ற சிற்றூரிலிருந்து மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர் மண்ரோடு அது. வழியில் பெட்ரோல் கிடைப்பது வில்லியம் க்ரீக், ஊட்னடாட்டா இரண்டில் மட்டும்தான். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறக்குறைய 200 கிலோமீட்டர். உங்கள் மாப்பிள்ளையின் 650 சிசி வண்டிக்கு அது பெரிய விஷயமில்லை. என்னுடையது 300 சிசி, டேங்க் சின்னது. கேனில் கூடுதலாகக் கட்டிக்கொண்டுதான் கிளம்பினேன். ஒரே வண்டியில் பின்னால் உட்கார்ந்து போயிருக்கலாமே என்று அம்மா கேட்பாள். அந்த ரோட்டில் பின்னால் உட்கார்ந்தால் இடுப்பு தனியாகக் கழன்றுவிடும்.

ரோடு முழுக்கக் குறுக்கே வரிவரியாக மேடு பள்ளம். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கி, ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்றபடி ஓட்ட வேண்டும். மெதுவாகப் போனால் பல் ஆடும். கொஞ்சம் வேகமெடுத்தால் வரிகளின் தலையைத் தொட்டபடி வண்டி ஓடிவிடும். மணல் வந்தால் பயந்து பிரேக் பிடிக்கக் கூடாது, எடையைப் பின்னால் தள்ளி ஆக்ஸிலரேட்டரை விடாமல் பிடிக்க வேண்டும். நான் பிரேக்கைத்தான் பிடித்தேன், சாய்ந்தேன். அடி ஒன்றுமில்லை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது இந்த இடத்தைத் தாண்டிவிடுங்கள்.

சரி, ரயில்வேயில் வேலை பார்த்த உங்களுக்கான விஷயத்துக்கு வருகிறேன். மரீயிலிருந்து ஊட்னடாட்டா வரை ஒரு செத்துப்போன ரயில்பாதை கூடவே வருகிறது. பழைய 'கான்' ரயில் ஓடிய லைன். 1884இல் மரீக்கும், 1891இல் ஊட்னடாட்டாவுக்கும், 1929இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கும் வந்து சேர்ந்தது. 1067 மில்லிமீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி. நம் மீட்டர் கேஜைவிட 67 மில்லிமீட்டர்தான் அகலம். வெள்ளம் வந்தால் லைன் அடித்துக்கொண்டு போகும், வறண்டால் மணல் மூடும். கடைசியில் மேற்கே தள்ளி அகலப்படுத்திய புதுப் பாதை போட்டுவிட்டு 1980இல் இதை மூடிவிட்டார்கள். பல இடங்களில் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். அடியில் இருந்த ஸ்லீப்பர் கட்டைகள் மட்டும் கிடக்கின்றன. தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கும் டாக் ஸ்பைக் ஆணி, மண்ணில் துருப்பிடித்துக் கண்ணில் படும். உங்களுக்கு ஒன்று எடுத்துவரக் கை துறுதுறுத்தது, பழைய சின்னங்களைத் தொடக் கூடாது என்று அவர் தடுத்துவிட்டார்.

இந்த வறட்டுப் பூமியில் ஏன் இப்படி வளைந்து வளைந்து லைன் போட்டார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வழி நெடுகத் தரையிலிருந்து ஊற்று கிளம்புகிறது, அதுதான் காரணம். கிழக்கே மலைகளில் பெய்த மழை பூமிக்கடியில் லட்சக்கணக்கான ஆண்டுகள் நகர்ந்து வந்து இங்கே குமிழியிட்டு வெளியேறுகிறது. இந்த மண்ணின் பூர்வகுடிகளான அரபனா மக்கள் காலங்காலமாக அந்த ஊற்றுகளைத் தொட்டு நடந்தார்கள். பிறகு ஸ்டூவர்ட் என்ற வெள்ளைக்காரர் அதே வழியில் வந்தார், 1872இல் தந்திக் கம்பி வந்தது, அப்புறம் நீராவி இன்ஜின். குடிக்கத் தண்ணீர் இல்லாத பக்கம் யாரும் போகவில்லை. நம் ராமநாதபுரத்துக்காரருக்கு இதை விளக்கவா வேண்டும்!

கர்டிமுர்கா ஸ்டேஷனில் உங்களை ரொம்ப நினைத்தேன். ஆள் அரவமில்லை, ஆனால் ஸ்டேஷன் எல்லைக்குள் தண்டவாளம் அப்படியே இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியும், பக்கத்திலேயே உயரமாக ஓர் இரும்புக் கோபுரமும் நிற்கின்றன. ஊற்றுத் தண்ணீரில் உப்பும் தாதுவும் அதிகம். அப்படியே ஊற்றினால் பாய்லருக்குள் படிந்துவிடும். அதனால் அந்தக் கோபுரத்தில் தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கி இன்ஜினுக்கு ஏற்றியிருக்கிறார்கள். 1950களில் டீசல் வந்தபிறகு அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. பிளேட்டுகளின் ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். அவர் வண்டிப் பெட்டியைத் தாங்கும் போல்ட் ஆட்டத்தில் கழன்று விழுந்திருந்ததைக் கம்பி சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் இருந்திருந்தால் முதல் நாளே தட்டிப் பார்த்திருப்பீர்கள்.

ராத்திரி கவர்ட் ஸ்பிரிங்ஸில் தங்கினோம். ரயில்வே காலத்தில் தோண்டிய ஆழ்துளைக் கிணறு அங்கே இருக்கிறது. பழைய ஸ்லீப்பர் கட்டைகளை அடுக்கித் தொட்டி கட்டியிருக்கிறார்கள், உள்ளே வெதுவெதுப்பான ஊற்றுத் தண்ணீர். ஜூலை குளிரில் கழுத்தளவு தண்ணீரில், ஸ்லீப்பரில் சாய்ந்து உட்கார்ந்தேன் அப்பா! அந்தக் காலத்தில் நட்ட பேரீச்சை மரங்கள் சுற்றிலும் நிற்கின்றன. அடுப்பு மூட்டி, அம்மா அனுப்பிய பருப்புப்பொடியைச் சுடுசோற்றில் நெய்விட்டுப் பிசைந்து சாப்பிட்டோம். பக்கத்துக் கூடாரத்துக் கிழவரும் கிழவியும் மோப்பம் பிடித்து வந்தார்கள், ஆளுக்கு ஓர் உருண்டை கொடுத்தேன். கிழவர் இரண்டாவது கேட்டார்.

ஊட்னடாட்டாவுக்கு முன்னால் அல்ஜிபக்கினா பாலம், 19 கண், அரை கிலோமீட்டருக்கும் அதிக நீளம். அதைப் பற்றி எழுதினால் இன்னொரு தாள் வேண்டும். படங்களைத் தம்பி போனுக்கு அனுப்பியிருக்கிறேன், பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். தூண்களை நீங்கள் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மானாமதுரையில் நீராவி இன்ஜினுக்கு எங்கிருந்து தண்ணீர் ஏற்றினார்கள்? வைகையில் ஊற்றுக் கிணறு தோண்டியா? பாய்லரில் உப்பு படிந்தால் என்ன செய்வார்கள்? அவரும் கேட்கச் சொன்னார். போனில் வேண்டாம், எழுதி அனுப்புங்கள். பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது என்றும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்