யாழ்ப்பாணத்தில் செயலி உருவாக்குகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

பஸ் நேரம், படகு நேரம், மின்பட்டியல், மருத்துவரைச் சந்திக்கப் பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் செயலி வந்துவிட்டது. நல்லது. ஆனால் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு அடுத்த படகு எப்போது என்று அறிய, செயலியைத் தேடித் திறந்து, விளம்பரத்தை மூடி, மூன்று பட்டியல்களைத் தாண்ட வேண்டியிருக்கிறது. அதற்குள் பஸ் பண்ணைப் பாலத்தைக் கடந்துவிடும்.

தொலைபேசியின் தேடற்பெட்டியில் ஊர்ப் பெயரை எழுதியவுடன் அந்த நேரம் அங்கேயே தெரியட்டும். இதற்கான வசதி புதிதல்ல. செயலிக்குள் இருப்பதை ஐபோனின் தேடலில் பதிந்துவைக்கும் கோர் ஸ்பாட்லைட் 2015இல் ஐஓஎஸ் 9 உடன் வந்தது. செயலி செய்யும் வேலைகளைத் தொலைபேசிக்கு அறிவித்துவைக்கும் ஆப் இன்டென்ட்ஸ் 2022இல் ஐஓஎஸ் 16 உடன் வந்தது. அதில் ஒரு செயலை ஒருமுறை எழுதிவைத்தால் குரல் உதவியாளரான சிரி, தேடற்பெட்டியான ஸ்பாட்லைட், குறுக்குவழிகளுக்கான ஷோர்ட்கட்ஸ் மூன்றுமே அதை எடுத்துக்கொள்ளும். அன்ட்ரொயிட்டிலும் 7.1 பதிப்பிலிருந்து, செயலியின் சின்னத்தை அழுத்திப் பிடித்தால் குறுக்குவழிகள் விரியும்.

“சிரியை முழுக்கத் தமிழில் நடத்த முடியாதே, யாருக்காகச் செய்வது?” என்று கேட்பீர்கள். தேடலில் தமிழில் எழுதலாமே! கூகுளின் குரல் தட்டச்சில் ‘தமிழ் (இலங்கை)’ என்று தனித் தெரிவே இருக்கிறது, பேசினால் எழுத்தாகிவிடும். அந்த எழுத்து உங்கள் செயலியைக் கண்டுபிடிக்குமா என்பது நீங்கள் பதிந்துவைத்த பெயர்களைப் பொறுத்தது.

இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறீர்கள். காங்கேசன்துறையை இங்கே பாதிப்பேர் கே.கே.எஸ். என்றுதான் சொல்கிறார்கள். குறிகட்டுவானைச் சிலர் குறிகாட்டுவான் என்று எழுதுகிறார்கள், சிலர் கே.கே.டி. என்கிறார்கள். நெடுந்தீவு ஆங்கிலத்தில் டெல்ஃப்ட், பருத்தித்துறை பொயின்ற் பீட்ரோ. உங்கள் தரவுத்தளத்திலோ ஒரேயொரு ஆங்கில எழுத்துக்கூட்டல். மாற்றுப் பெயர்களுக்கென்றே கோர் ஸ்பாட்லைட்டில் ஓர் இடம் உண்டு. அதை வெறுமையாக விடாதீர்கள். எந்தெந்தப் பெயர் வேண்டும் என்று பஸ் நடத்துநர் ஒருவரிடம் கேட்டால் அரை மணி நேரத்தில் பட்டியல் கிடைத்துவிடும்.

சிரியிடம் சொல்லி இயக்கும் குரல் குறுக்குவழிகளை ஒரு செயலிக்குப் பத்துக்கு மேல் அப்பிள் அனுமதிப்பதில்லை. அந்தப் பத்தில் ‘எங்களைப் பற்றி’, ‘நண்பருக்குப் பகிர்க’ இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள். கட்டளைச் சொற்றொடரில் செயலியின் பெயர் கட்டாயம் வர வேண்டும். (ஐந்து சொற்களில் பெயர் வைத்தவர்கள் இப்போதே யோசியுங்கள்.)

தேடலில் பதிந்தவை வேறு திகதி கொடுக்காவிட்டால் ஒரு மாதத்தில் காலாவதியாகும். ஆகவே நேர அட்டவணையைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பதிய வேண்டும். கடல் கொந்தளிப்பால் படகு நின்ற நாளிலும் பழைய நேரத்தைக் காட்டும் தேடல், ஒன்றும் காட்டாத தேடலைவிட மோசம்.

பண விடயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். மின்பட்டியல் நிலுவையைக் குரலில் கேட்கலாம். ஆனால் பூட்டிய திரையில் அதைக் காட்டக் கூடாது. பணம் கட்டும் முன் தொகையைச் சொல்லி உறுதி கேட்க வேண்டும். இரண்டுக்கும் ஆப் இன்டென்ட்ஸில் வழி இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்யச் சொல்லவில்லை. உங்கள் செயலியில் மக்கள் அதிகம் திறக்கும் பக்கம் எது என்று உங்களுக்கே தெரியும். அடுத்த பதிப்பில் அந்த ஒன்றைத் தேடலுக்குக் கொண்டுவாருங்கள். பரிசோதனைப் பதிப்பை அனுப்பினால், எழுத்துப் பிழைகளோடு தேடிப் பார்த்துச் சொல்ல நான் தயார்.

இப்படிக்கு,
உங்கள் செயலிகளைப் பாவிக்கும் ஒருவர்,
யாழ்ப்பாணம்