செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25: மேடையிலிருந்து நேரலைத் தொலைக்காட்சிக்கு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதாந்திர வாசிப்புக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆய்வுக் குழு எடுத்துக்கொண்ட பொருளைப் பற்றியே இந்த அறிக்கை: வீடியோ டேப் வருவதற்கு முன்பு, மேடை நாடகத்தைத் தொலைக்காட்சியில் நேரலையாக நடத்தியவர்கள் பிரதியில் எங்கெங்கே கை வைத்தார்கள், ஏன்?

தொடக்கம் 'தி குவீன்ஸ் மெசஞ்சர்'. 1928 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவின் ஸ்கெனெக்டடியில், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் டபிள்யூ.ஜி.ஒய். நிலையம் ஒளிபரப்பிய ஓரங்க நாடகம். பாத்திரங்கள் இரண்டே. படம் மூன்று அங்குலம்தான்; ஒரு முகத்துக்கு மேல் அதில் துலங்காது. இடம்விட்டு நகராத மூன்று கேமராக்களில் இரண்டை ஆளுக்கொன்றாக முகத்துக்கு வைத்தார்கள். மூன்றாவது, கைகளுக்கும் கைப்பொருள்களுக்கும். அந்தக் கைகள் நடிகர்களுடையவை அல்ல, வேறு இருவருடையவை. முகம் கேமராவை விட்டு விலகக் கூடாது என்றால் வேறு வழியில்லை. இயக்குநர் மார்டிமர் ஸ்டூவர்ட் சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு கேமராவுக்குக் கேமரா மாற்றினார். இந்த ஏற்பாட்டில் இருவரும் சேர்ந்து நிற்கும் காட்சி என்பதே கிடையாது. மேடையில் பாதி நடிப்பு அதுதானே!

எங்கள் ஆய்வில் அதிக நேரம் எடுத்தது லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸ். பிபிசி அங்கே 1936 நவம்பர் 2 அன்று தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. ஸ்டுடியோ சுமார் 70 அடிக்கு 30 அடி. அடிக்குக் கால் அங்குலம் என்று தாளில் வரைந்து, தட்டிகளையும் கேமராக்களையும் அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்தோம். விளக்கு, நீண்ட கழியில் தொங்கும் பூம் மைக், கேபிள் எல்லாம் போக நடிப்புக்கு மிஞ்சுவது ஒரு கல்யாண மண்டப மேடை அளவுதான். அங்கிருந்த எமிட்ரான் வகைக் கேமராவில் ஜூம் கிடையாது. கேமராக்காரர் பார்க்கும் வியூஃபைண்டரில் படம் தலைகீழாகத் தெரியும். முகம் பெரிதாக வேண்டுமானால் கேமராவே கிட்டே போக வேண்டும். போனால் பக்கத்துக் கேமராவின் படத்தில் அதன் முதுகு விழும்.

1937 நவம்பர் 11 அன்று ஜார்ஜ் மோர் ஓஃபெரல் தயாரித்த 'ஜர்னிஸ் எண்ட்' இதற்கு வாகான நாடகம். ஆர்.சி. ஷெரிஃப் எழுதியது, மூன்று அங்கமும் ஒரே பதுங்குகுழியில் நடப்பது. செட் மாற்றும் தொல்லை இல்லை. முழு நாடகத்தை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கினார்கள். இடையில் பழைய போர்ப் படம் ஒன்றின் பிலிம் துண்டுகளை ஓட்டினார்கள். பிலிம் ஓடும் நேரம் ஸ்டுடியோவுக்குக் கிடைக்கும் மூச்சு.

அந்த மூச்சு கிடைக்காத நாடகங்களில்தான் பிரதி வேலை கடினம். ஒரு காட்சி முடியும்போது ஒரே கேமரா மட்டும் அங்கே நிற்க வேண்டும். மற்றவை அடுத்த செட்டுக்கு நகர வேண்டும். எனவே கடைசி வரிகளை ஒரே முகத்துக்கு ஒதுக்க வேண்டும். அடுத்த காட்சியிலும் வருகிறவரை ஐந்தாறு வரி முன்னதாகவே வெளியேற்றிவிட வேண்டும். அவர் இன்னும் எதிரில் நிற்பதாக நினைத்தே மற்றவர் பேசுவார். வெளியேறியவருக்குச் சட்டை மாற்ற நேரமிருக்காது என்றால், முதலிலேயே ஒன்றின்மேல் ஒன்றாக அணிந்து வருவார். பிரதியில் இதைக் குறிக்காமல் ஒத்திகைக்குப் போனால், திரையில் வெற்று நாற்காலியைத்தான் பார்க்க வேண்டிவரும்.

கேபிள் இன்னொரு சங்கடம். ஒரு கேமரா மற்றொன்றின் கேபிளைத் தாண்டிப் போனால் திரும்பி வரவும் அதே வழிதான். தரைப் படத்தில் ஒவ்வொரு கேமராவுக்கும் தனி நிறத்தில் கோடு போட்டால் சிக்கல் உடனே கண்ணில் படும். பூம் மைக்கின் நிழல் சுவரில் விழுவதைத் தவிர்க்க, சுவரோரம் நின்று பேசும் வசனத்தை இரண்டடி முன்னே கொண்டுவருவது எளிது. நடிகர் சட்டென்று எழுந்தால் தலை சட்டகத்துக்கு வெளியே போய்விடும். எழுவதற்கு முன் கைப்பிடியைப் பற்றுவது போன்ற ஒரு முன்னசைவு தேவை. வசனம் மறந்தால் பிராம்ப்டர் ஒரு விசையை அழுத்தி மைக்கை அணைத்துவிட்டு எடுத்துக்கொடுப்பார். வீட்டில் இருப்பவர்களுக்கு அது வெறும் மௌனம்.

1956-ல் ஆம்பெக்ஸ் வீடியோ டேப் இயந்திரம் வந்தபின்னும் வெட்டி ஒட்டுவது சிரமமாகவே இருந்தது. அதனால் இந்த உத்திகள் உடனே ஒழிந்துவிடவில்லை.

வரும் ஆண்டுக்கு, 1938 நவம்பர் 16 அன்று லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் தியேட்டரிலிருந்தே பிபிசி ஒளிபரப்பிய ஜே.பி. பிரீஸ்ட்லியின் 'வென் வீ ஆர் மேரீட்' நாடகத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று குழு பரிந்துரைக்கிறது. அங்கே பார்வையாளர்கள் முன்னால் இருப்பதால் கேமராவை வைக்கும் இடமே முதல் கேள்வி. உறுப்பினர்கள் பிரதியை ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, வலப்புறம் மூன்று அங்குல ஓரம் விட்டுக் கொண்டுவரவும். பென்சில் போதும், பேனா வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்