காய்ச்சல் விட்டதும் நம்பிவிடாதே

கண்ணம்மா,

"உண்ணிதானேப்பா, நாய் மேல இருந்ததையும் என் கால்ல இருந்ததையும் பிடுங்கிப் போட்டாச்சு" என்று நேற்று போனில் சொல்லிவிட்டு நீ வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை. நம் பழைய நாய் கறுப்பனை உனக்கு ஞாபகம் இருக்கும். அவன் எப்படிப் போனான் என்று உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை, நீ அப்போது ஒன்றாம் வகுப்பு.

ஒரு வாரம் காய்ச்சலில் எதையும் தொடாமல் கிடந்தான், அப்புறம் தானாகவே எழுந்து வாலாட்டினான், சரியாகிவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன். நாலைந்து மாதம் கழித்து ஒரு காலையில் அவன் படுத்திருந்த சாக்கில் ரத்தச் சொட்டுகள். மூக்கிலிருந்து வந்தது. பாதத்தைத் தூக்கிப் பார்த்தால் விரலிடுக்கில் ஆமணக்கு விதை மாதிரி ஊதிப்போன ஒன்று, அதன் கால்கள் மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. எர்லிக்கியா என்ற பாக்டீரியா உண்ணிக் கடியில் உள்ளே போய், வெள்ளை அணுக்களுக்குள் குடியேறி, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். முதல் காய்ச்சல் விட்டபிறகு மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டு, கடைசியில் எலும்பு மஜ்ஜையில் கை வைக்கும். அந்த முதல் வாரமே டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பான்.

அதனால் உன் நாய் இப்போது துள்ளிக் குதிக்கிறது என்பதை நான் கணக்கில் எடுக்கமாட்டேன். கூட்டிப் போய் ரத்தம் பார். மாத்திரை எழுதினால் வழக்கமாக நாலு வாரம் இருக்கும், நாலாம் நாளே தெம்பு வந்துவிட்டது என்று நிறுத்தாதே.

இனி உன் விஷயம். முழங்காலுக்குப் பின்னால் இருந்ததை எப்படிப் பிடுங்கினாய்? தீக்குச்சியால் சுட்டாயா? நான் கறுப்பனுக்கு அதைத்தான் செய்தேன், தப்பு. கூர்நுனி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். விரலால் நசுக்கவே கூடாது. மனிதருக்கு உண்ணி கொண்டுவரும் நோய்களில் லைம் நோய், புள்ளிக்காய்ச்சல் என்று இரண்டு உண்டு. லைம் நோய்க் கிருமி ஏற உண்ணி பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும், காய்ச்சலோடு தோலில் தடிப்பும் வரும் புள்ளிக்காய்ச்சலின் கிருமிக்கோ சில மணி நேரமே போதும். புள்ளிக்காய்ச்சல் உண்ணி வழியாகப் பரவுகிறது என்று 1906-இல் காட்டியவர் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஹோவர்ட் ரிக்கெட்ஸ். பாவம், 1910-இல் டைஃபஸ் என்ற இன்னொரு காய்ச்சலை ஆராயப் போய் அதிலேயே இறந்தார். இந்தக் கிருமிகளுக்கு ரிக்கெட்சியா என்ற பெயரே அவரை வைத்துத்தான்.

கடித்த தேதியை எழுதி வை. அடுத்த சில வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி, தடிப்பு எது வந்தாலும் மருத்துவரிடம் முதல் வார்த்தையே உண்ணியாக இருக்கட்டும், ஏனென்றால் பார்க்க இது சாதாரண வைரஸ் காய்ச்சல் மாதிரியேதான் இருக்கும், நீ சொல்லாவிட்டால் அவருக்குத் தோன்றாமலே போகலாம். முதல் வாரத்தில், கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடும் ஆன்டிபாடி பரிசோதனை பெரும்பாலும் நெகட்டிவ் என்றே வரும், அந்தக் காகிதத்தை நம்பித் திரும்பி வந்துவிடாதே. புள்ளிக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்தாலே ரிசல்ட்டுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவதுதான் முறை.

இன்று குளிக்கும்போது அக்குள், காதுக்குப் பின்னால், இடுப்பு எல்லாம் தடவிப் பார், நாயின் காதுக்குள்ளும் பார். பார்த்துவிட்டு எத்தனை மணியானாலும் போன் பண்ணு, விழித்துத்தான் இருப்பேன்.

அப்பா