ஆற்றங்கரை நிலத்தை விற்க வேண்டாம், அப்பா

பிளேனோ, டெக்சஸ்
9.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நால்வரும் நலம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் பேசியதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. ‘பேங்க்காரன் ஆள் விட்டுப் பார்த்து நீங்கள் வாங்கும் வீட்டுக்கு மதிப்பைக் குறைத்துப் போட்டுவிட்டானாமே, கடன் குறையுமாமே, ஆற்றங்கரை நிலத்தைக் கொடுத்துப் பணம் அனுப்பிவிடுகிறேன்’ என்றீர்கள். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. தயவுசெய்து தரகரிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். போனில் கணக்குச் சொன்னால் பாதி காதில் விழுவதில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே வீட்டுக்கடன் கேட்டால் பேங்க் பெரும்பாலும் ஒரு அப்ரைசரை அனுப்பும். உரிமம் பெற்ற மதிப்பீட்டாளர். அவருக்கான கட்டணத்தைக் கட்டியது நாங்கள். அதனால் அவர் நம் ஆள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லையப்பா. கூலி நம்முடையது, வேலை பேங்குக்கு. நாளைக்கு நாம் தவணை கட்டாமல் நின்றால் இந்த வீட்டை விற்றுக் கடனை எடுத்துவிட முடியுமா என்பதுதான் பேங்கின் கவலை. 2008இல் இந்த நாட்டில் வீட்டுக்கடன்கள் மூழ்குவதற்கு முன்னால், கடன் கொடுக்கிறவர்களே அப்ரைசரை நெருக்கி விலையை ஏற்றி எழுத வைத்ததுண்டு. 2010இல் வந்த டாட்-ஃபிராங்க் சட்டம் அப்படி நெருக்குவதைத் தடை செய்தது. கமிஷனுக்குக் கடன் பிடித்துத் தருகிறவர் தனக்கு வேண்டிய அப்ரைசரைப் பார்த்து அமர்த்திக்கொள்ளவும் முடியாது. எனவே யாரோ நமக்கு வேண்டாதவர் சொல்லிக் குறைத்தார் என்று நினைக்காதீர்கள்.

எப்படிக் குறைந்தது என்று சொல்கிறேன். அவருடைய அறிக்கை முழுதும் என் கையில் இருக்கிறது. பத்திரம் முடிக்கும் நாளுக்கு மூன்று வேலை நாள் முன்னதாகவாவது நமக்கு ஒரு பிரதி தந்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தை நான் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். இடது ஓரத்தில் நம் வீடு. பக்கத்தில் வரிசையாக, அதே வட்டாரத்தில் அண்மையில் விற்ற மூன்று வீடுகள். ஒன்றில் நீச்சல் குளம் இருக்கிறது, நம் வீட்டில் இல்லை. அதன் விலையிலிருந்து 15,000 டாலரைக் கழித்திருக்கிறார். இன்னொன்றில் குளியலறை ஒன்று குறைவு, அதற்குக் கூட்டியிருக்கிறார். நம் வீட்டின் மேல் கை வைப்பதே இல்லை. அந்த மூன்றையும் கூட்டிக் கழித்து நம் வீடு மாதிரி ஆக்கி, அப்படி ஆனால் என்ன விலைக்குப் போயிருக்கும் என்று பார்க்கிறார். அந்தக் குளத்தை வெட்ட அவர்களுக்கு 15,000 போல எத்தனையோ மடங்கு ஆகியிருக்கும். செலவழித்த பணம் அப்படியே விலையில் ஏறிவிடும் என்று இங்கேயும் எல்லோரும் நம்புகிறார்கள். வாங்குகிறவர் அதற்காக எவ்வளவு கூடக் கொடுப்பார் என்பது மட்டும்தான் அந்தத் தாளில் ஏறுகிறது.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். விளம்பரத்தில் 2,480 சதுர அடி என்று போட்டிருந்தார்கள். அப்ரைசர் அளந்தது 2,290. எங்கே போயிற்று 190 சதுர அடி? கொல்லைப்புறத் தாழ்வாரத்துக்குக் கண்ணாடிச் சுவர் வைத்து அறை மாதிரி அடைத்திருக்கிறார்களே, போட்டோ அனுப்பினேனே, அம்மா துளசி மாடம் வைக்கச் சொன்ன இடம், அதுதான். வீட்டின் ஏசியும் ஹீட்டரும் அங்கே எட்டாது. வருஷம் முழுக்கக் குடியிருக்க ஏற்ற இடம் மட்டுமே வீட்டுப் பரப்பில் சேரும் என்பது அவர்களுடைய அளவு முறை. அறிக்கையில் சதுர அடிக்கு 80 டாலர் என்று கணக்கிட்டிருக்கிறார். நீங்களே பெருக்கிப் பாருங்கள், 15,200 வரும். பேசிய விலை 4,80,000, அவர் போட்டது 4,65,000. விற்கிறவர் தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, இல்லாத பரப்புக்கு நாம் பணம் கொடுக்க இருந்தோம். எனக்கு அந்த அப்ரைசர் மேல் கோபமே இல்லை, நன்றிதான் இருக்கிறது.

நம் நிறத்தைப் பார்த்துக் குறைத்திருப்பார்களோ என்று தம்பி கேட்டான். அவன் கேட்டது தப்பில்லை. அப்படி நடந்தது என்று இங்கே வழக்குகள் போயிருக்கின்றன, வீட்டு விஷயத்தில் பாகுபாடு கூடாது என்கிற 1968ஆம் வருஷத்துச் சட்டம் அதைத் தடை செய்கிறது. ஆனால் நம் விஷயத்தில் குறைந்தது எங்கே என்பதை டேப் பிடித்துக் காட்டலாம்.

‘அப்ரைசர் வந்து பார்த்துவிட்டார், வீடு கெட்டியாகத்தான் இருக்கும்’ என்று அம்மா சொன்னார். அதை நம்பக்கூடாது. அவர் விலை போட மட்டும் வருகிற ஆள். குழாயைத் திறந்து பார்க்கமாட்டார், கூரை மேல் ஏறமாட்டார். அதற்கு இன்ஸ்பெக்டர் என்று வேறு ஒருவரை நாங்களே தனியாக அமர்த்தினோம். மூன்று மணி நேரம் பரண் வரை ஊர்ந்து பார்த்துவிட்டு, அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் விடச் சொல்லிவிட்டுப் போனார். ஆமாம் அப்பா, அஸ்திவாரத்துக்கு! இந்தப் பக்கம் களிமண் பூமி. கோடையில் காய்ந்து சுருங்கி வெடிக்கும், மழைக்கு ஊறி உப்பும், வீடு அசையும். அதனால் சுவரைச் சுற்றிச் சொட்டுக் குழாய் போட்டு மண்ணை ஈரமாகவே வைத்திருக்கிறார்கள். நம் கரிசல்காட்டு ஆட்கள் வந்தால் உடனே புரிந்துகொள்வார்கள்.

கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அலுவலகம் வரிக்காகப் போடும் மதிப்பு வேறு. அதற்கும் அப்ரைசல் என்றே பெயர் என்பதால் உங்கள் மாப்பிள்ளையே குழம்பிப்போனார். நம் ஊர் வழிகாட்டி மதிப்பு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 1ஆம் தேதி நிலவரத்துக்குப் போடுவது, யாரும் வீட்டுக்குள் வந்து பார்ப்பதில்லை. செல்போனில் தம்பி பார்த்த விலையும் அப்படித்தான், உள்ளே பார்க்காமல் போட்டது. போதாததற்கு டெக்சஸில் வீடு என்ன விலைக்குக் கைமாறியது என்று அரசுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமே கிடையாது, அதனால் அந்த இரண்டு மதிப்பையும் அப்படியே நம்ப முடியாது.

இப்போது பணக் கணக்கு. பேங்க் எண்பது சதவீதம் தரும், ஆனால் பேசிய விலை, மதிப்பிட்ட விலை இரண்டில் எது குறைவோ அதில்தான். 4,80,000க்கு 3,84,000 கிடைக்கும், கையிலிருந்து 96,000 போட்டால் போதும் என்று இருந்தோம். 4,65,000க்கு 3,72,000தான் தருவார்கள். அதே விலைக்கு வாங்கினால் 1,08,000 வேண்டும். அந்த 12,000க்குத்தான் அன்று அழுதேன். அழுதபடி உங்களுக்குப் போன் செய்தது என் தப்பு.

அறிக்கையைக் காட்டி எங்கள் ஏஜென்ட் விற்கிறவரிடம் பேசினார். மதிப்பு குறைந்தால் நாங்கள் விலகிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. அடுத்து வாங்க வருகிறவரின் பேங்கும் இதே கொல்லையைத்தான் அளக்கும் என்று அவருக்கும் தெரியும். நேற்று 4,70,000க்கு ஒத்துக்கொண்டார். நாங்கள் 98,000 போட வேண்டும். எடுத்து வைத்ததைவிட 2,000தான் கூடுதல். அதை உங்கள் மாப்பிள்ளை சம்பளத்திலேயே சமாளித்துவிடுவோம்.

கையெழுத்து வரும் 21ஆம் தேதி. அன்று காலையில் அம்மாவைச் சாமிக்கு ஒரு விளக்கேற்றச் சொல்லுங்கள்.

நிலம் உங்கள் பேரிலேயே இருக்கட்டும் அப்பா. இந்த ஆடிப் பட்டத்துக்கு அங்கே என்ன விதைக்கிறீர்கள் என்று மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
செல்வி