குன்னூரில் ஏறாதே

அன்புள்ள மோகன்,

எழுதி நாளாகிவிட்டது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. ரோசி அக்கா வீட்டை விற்கவில்லை, யார் சொன்னாலும் நம்பாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் பேரப்பிள்ளைகளுக்கு நீராவி ரயில் காட்டப் போவதாக நீ அனுப்பிய திட்டத்தைப் பார்த்தேன். கோவையிலிருந்து குன்னூருக்குக் கார், அங்கிருந்து ஊட்டிக்கு மலை ரயில்! ஏன்டா, பொன்மலை ரயில் பட்டறையின் சங்குச் சத்தத்தில் கண் விழித்து வளர்ந்தவன் போடுகிற திட்டமா இது? குன்னூருக்கு மேலே ஓடுவது டீசல் இன்ஜின். செங்குத்தில் ஏற உதவும் பல் தண்டவாளமும் அங்கே கிடையாது. வெலிங்டன், கேத்தி, லவ்டேல் எல்லாம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நீராவி வண்டி மேட்டுப்பாளையத்தில் கிளம்பிக் குன்னூரோடு முடிந்துவிடுகிறது.

போன மாதம் நானும் செல்வியும் அதில் போய் வந்தோம். அன்றிலிருந்து நான் வேறு பேச்சே பேசுவதில்லை என்று அவள் புகார் சொல்கிறாள். உன்னிடமும் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன்.

கல்லாறு வரைக்கும் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சாதாரண ஓட்டம். அதன் பிறகுதான் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டம் ஆரம்பிக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சட்டங்கள். ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றதன் பல் வராதபடி தள்ளிப் பதித்திருக்கிறார்கள். அதனால் இன்ஜினின் பல்சக்கரம் எந்த நொடியிலும் பிடி விடுவதில்லை. 12 அடி போனால் 1 அடி ஏற்றம் என்றால் சும்மாவா! இன்ஜின் எப்போதும் இறக்கத்துப் பக்கம்தான் இருக்கும், பெட்டிகளைக் கீழேயிருந்து தள்ளிக்கொண்டு போகும். போதாதென்று பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்காரர், கையில் தன் பெட்டியின் பிரேக்கோடு.

உன் அப்பா இருந்தால் அந்த இன்ஜினைப் பற்றி ஒரு ராத்திரி முழுக்கப் பேசியிருப்பார். ஒரே நீராவியை இரண்டு தரம் வேலை வாங்குகிறார்கள். பாய்லரிலிருந்து வருவது முதலில் இரண்டு சிலிண்டர்களில் புகுந்து ஓடும் சக்கரங்களைச் சுழற்றுகிறது. பல் தண்டவாளம் வந்ததும், வேலை முடித்த அந்த நீராவியை வெளியே விடாமல் இன்னொரு ஜோடி சிலிண்டருக்குள் அனுப்பிப் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள். இந்த எக்ஸ் வகை இன்ஜின்கள் ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்து வந்தவை. இப்போது புதியவை நம் பொன்மலைப் பட்டறையிலேயே பிறக்கின்றன, தெரியுமா? 2011-இலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து மலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வழியில் ஹில்குரோ ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க நின்றபோது இறங்கி இன்ஜின் பக்கத்தில் போய் நின்றேன். நம் காலனியில் டிபன் கேரியரோடு சைக்கிளில் போவார்களே, அவர்கள் வழி வந்த கைகள் செய்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அந்தோணி மாமா போன வருஷம் போய்ச் சேர்ந்தார். உனக்குச் செய்தி வந்திருக்கும். பாய்லர் தட்டும் ஓசையை வைத்தே பழுது எங்கே என்று சொல்வாரே, அந்தக் காது அவரோடு போய்விட்டது. இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது மோகன். 1899-இல் மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை திறந்தது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இந்தியாவில் வேறெங்கும் பல் தண்டவாளப் பாதை இல்லை. எல்லாம் பெருமைதான். ஆனால் அறிவிப்பு பாய்லரைப் பழுது பார்க்காது. நெருப்பின் நிறம் பார்த்து வேலை செய்யும் ஃபயர்மேனும், பல்சக்கரத்தின் தேய்மானத்தை விரலால் தடவிக் கண்டுபிடிக்கும் ஃபிட்டரும் வேண்டும். வண்டி தினமும் ஓடினால்தான் அடுத்த பையனுக்கு அது கைவரும். கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்தால் இன்ஜின் இருக்கும், வித்தை இருக்காது. அதனால்தான் பிள்ளைகள் கீழ்ப் பாதையில் வர வேண்டும் என்கிறேன். அவர்களில் ஒருத்தராவது இது எப்படி ஏறுகிறது என்று கேட்கட்டும்.

மெதுவாகத்தான் போகும், சலித்துவிடுவார்கள் என்று உன் மருமகள் சொல்வாள். ஹில்குரோவில் டீயும் வடையும் குரங்குகளும் இருக்கின்றன என்று சொல். வடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல், பழனி ஞாபகம் இருக்கட்டும்.

கூட்டத்துக்குப் பயந்து நவம்பருக்கு மாற்றிவிடாதே. வடகிழக்குப் பருவமழையில் மண்ணும் பாறையும் சரிந்து பாதையை அடைத்துவிட்டால் வண்டியே இருக்காது. மே மாதமே சரி, ஆனால் முன்பதிவு திறந்த உடனே டிக்கெட் தீர்ந்துவிடும். மேட்டுப்பாளையத்தில் வண்டி காலை 7.10-க்கு. முந்தின நாளே வந்து அங்கே தங்கிவிடுவது நல்லது. அப்புறம், ஆறு இடத்தோடு இன்னும் இரண்டு சேர்த்துப் போடு, நாங்களும் வருகிறோம். தேதியை இந்த வாரமே எழுது. மல்லிகாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராஜா