தெலங்கானா தோர்ணக்கல்லில் இருக்கும் மகனுக்கு

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு அடையாளமாக வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. அம்மா அதைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள், விரல் மெலிந்திருக்கிறதா என்று.

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து பதினைந்து நாள் ஆகிறது. வேளாவேளைக்கு நான்தான் சொட்டு மருந்து விடுகிறேன். அக்கா வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனாள். நீ வரவில்லையே என்று யாரும் எதுவும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் ஊழியத்தில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை என்றேன். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறாயா? அந்தப் பக்கம் வெயில் அதிகம் என்கிறார்கள்.

போன ஞாயிறு நம்ம சபைப் போதகர் ஐயர், "தரித்திரருக்குச் சுவிசேஷத்தைப் பிரசங்கிக்கும்படி என்னை அபிஷேகம்பண்ணினார்" என்ற வசனத்தை எடுத்துப் பேசினார். நம்ம சபையிலிருந்து பெங்களூர் வேலையை விட்டுவிட்டுப் போன பிள்ளை என்று உன் பெயரையும் சொன்னார். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு குனிந்திருந்தேன். அம்மா கறுப்புக் கண்ணாடியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், "சம்பளம் எவ்வளவு கொடுக்கிறார்கள்?" என்று நான்கு பேர் கேட்டார்கள். என்ன சொல்ல? எனக்கே தெரியாது.

பைக்கை விற்றுவிட்டாய் என்று அக்கா சொன்னாள். உன் பணம், நான் கேட்கவில்லை. ஆனால் ஒரு மாதச் செலவுக்காவது கையில் வைத்துக்கொள். மிளகாய் பறிக்கப் போகிற கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறாய், சரி. காய்ச்சலில் படுத்தால் உன்னை யார் பார்ப்பது?

நீ போயிருக்கும் ஊர் நமக்கு அந்நியமில்லை. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பித்தபோது, வெள்ளைக்காரரிடம் கையேந்தாமல் நம்ம பணத்தில் நம்ம ஆட்களை அனுப்புவோம் என்று சொல்லி அவர்கள் தேர்ந்தெடுத்தது தோர்ணக்கல்லைத்தான். அன்றைக்கு அது நிஜாம் ராஜ்யம். நம்ம வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912-இல் அங்கே பேராயரானார். இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் அவர்தான். அவர் சபையில் வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் மாலா, மாதிகா என்ற தாழ்த்தப்பட்ட ஜாதி ஜனங்கள். 1939-இல் பிரதிஷ்டை செய்த அந்தப் பேராலயத்தைப் போய்ப் பார்த்தாயா? பார்த்திருந்தால் ஒரு போட்டோவாவது அனுப்பியிருக்கலாம்.

1910-இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் அசரியா பேசியதை ஒவ்வொரு வருஷமும் ஸ்கூல் அசெம்பிளியில் நான் சொல்வது உனக்கு ஞாபகம் இருக்கும். ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று மிஷனெரிமார் முகத்துக்கு நேரே சொன்னார். பவுல் கொரிந்தியருக்கு எழுதியதைத்தான் அவர்கள் பக்கம் திருப்பிவிட்டார். "எனக்கு உண்டான யாவற்றையும் நான் அன்னதானம்பண்ணினாலும்..." வெள்ளைக்காரருக்கு நம்ம ஊர்க்காரர் கொடுத்த சூடு என்றுதான் முப்பது வருஷமும் அதை முழக்கினேன். பிள்ளைகளும் கைதட்டினார்கள். அது எனக்கும் சொன்னது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

போன ஈஸ்டர் அசன விருந்தில் நீ கேட்டது எனக்கு மறக்கவில்லை. கீழத்தெரு ஆட்கள் ஏன் அண்டா கழுவும் இடத்திலேயே நிற்கிறார்கள், பரிமாறும் வாளி ஏன் அவர்கள் கைக்கு வரவே இல்லை என்று கேட்டாய். "தரித்திரர் எப்பொழுதும் உங்களிடத்தில் இருக்கிறார்கள்" என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார் என்றேன். சபைக் கமிட்டியில் யாராவது உதவி கேட்டு மனு கொடுத்தால் நாங்கள் எடுத்து வீசுகிற வசனம் அது. நீ சாவதானமாகக் கேட்டாய்: "அந்த அதிகாரத்தில் பணப்பையை வைத்திருந்தது யாருப்பா?"

நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். அன்றிலிருந்து நாம் சரியாகப் பேசவில்லை.

அந்த வசனம் எங்கிருந்து வருகிறது என்று அப்புறம் தேடிப் பார்த்தேன். பழைய ஏற்பாட்டில் உபாகமம் 15. "தேசத்திலே எளியவன் இல்லாதிருப்பதில்லை" என்று தொடங்கி, ஆகையால் உன் சகோதரனுக்கு உன் கையைத் தாராளமாய்த் திற என்று போகிறது. முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு பதினோரு வருஷம் சபைப் பொருளாளராக இருந்துவிட்டேன்.

பணப்பையை வைத்திருந்த யூதாஸை நீ சொன்னது கணக்கை நினைத்து அல்ல என்று எனக்குத் தெரியும். சபைப் பணத்தில் ஒரு பைசா நான் தொட்டதில்லை, அது உனக்கும் தெரியும். நீ எதை நினைத்துச் சொன்னாய் என்பதும் தெரியும். 2006, ஐப்பசி மாதம். நீ ஒன்பதாம் வகுப்பு.

பனையிலிருந்து விழுந்து செத்த அந்த மனுஷனுக்கு சபைக்குக் கட்டவேண்டிய மூன்று வருஷச் சங்கக் காணிக்கை பாக்கி, 720 ரூபாய். பாக்கி தீராமல் மணி அடிக்கக் கூடாது, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டக் கூடாது என்பது கமிட்டித் தீர்மானம். அன்றைக்கு ஐயர் ஊரில் இல்லை, எல்லாரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரூல் எல்லாருக்கும் ஒன்றுதான் என்றேன். செத்தவர் பெண்சாதி பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு அடகுக் கடைக்குப் போனாள். அவள் திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவரை பிரேதம் பெஞ்சில் கிடந்தது, மழை தூறிக்கொண்டிருந்தது. உனக்கு எழுத்து நன்றாக இருக்கும் என்று உன்னை ரசீது எழுதச் சொன்னேன். கார்பன் தாளைச் சரியாக வைத்து நீ எழுதினாய், நான் கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்கு என் சட்டைப் பையில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் இருந்தது. இதை நான் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. எடுத்துக் கட்டியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்த மாதம் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைத்தாரை 2500 ரூபாய்க்கு எடுத்தேன். மேலத்தெருக்காரர் 2400 கேட்டார், விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

தாத்தாவும் பனையேறிதானே தம்பி. அவர் நெஞ்சில் இருந்த காய்ப்பைத் தொட்டுப் பார்த்து வளர்ந்தவன் நான். உபத்திரவப்பட்டு ஓடிவந்த ஏழை ஜனங்களுக்காக நிலம் வாங்கி 1799-இல் முதலூர் என்ற கிறிஸ்தவ ஊரைக் குடியேற்றினார்கள். மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1830-இல் தர்ம சங்கம் வைத்ததும் இப்படிப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கத்தான். நம்ம வீட்டுக்கு ஸ்லேட்டும் பென்சிலும் வந்தது அந்த வழியாகத்தான். மூன்றாம் தலைமுறையில் நான் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் நின்றேன். "நீ அங்கே நில்லு, அல்லது இங்கே என் பாதபடியண்டையிலே உட்காரு" என்று யாக்கோபு எழுதியதை எத்தனை தடவை வாசித்திருப்பேன்.

நீ அங்கே போனது ஆண்டவர் அழைத்துத்தானா, இல்லை என் ரசீதுக்குப் பதில் கட்டவா? கேட்க மாட்டேன் என்றுதான் உட்கார்ந்தேன், எழுதிவிட்டேன். இந்த வருத்தத்தில் நீ உன் உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அது என் கடன். அக்காவின் நாத்தனார் வழியில் வந்த வரனைப் பற்றியும் நீ பதில் சொல்லவில்லை. சரி, அதை இப்போது விடு.

டிரங்குப் பெட்டியில் அந்த ரசீதுப் புத்தகம் கிடைத்தது. கார்பன் மங்கவில்லை.

அந்த அம்மாள் இப்போது உடன்குடியில் மகள் வீட்டில் இருக்கிறாளாம். விசாரித்துக்கொண்டு, 720 ரூபாயைத் தனியாகக் கவரில் வைத்துக்கொண்டு போன வியாழக்கிழமை பஸ் ஏறினேன். தெருமுனை வரைக்கும் போனேன். இத்தனை வருஷம் கழித்து ஒரு கவரை நீட்டினால் அதற்கு என்ன பெயர்? அவள் என்னை உள்ளே வரச் சொல்லிக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்றுதான் அதிகப் பயமாக இருந்தது. பஜாரில் கருப்பட்டி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

பார்சலில் வருவது அந்தக் கருப்பட்டிதான். அம்மாவிடம் உனக்காக வாங்கப் போனதாகச் சொல்லியிருக்கிறேன்.

கிறிஸ்மஸுக்கு நீ வந்தால் இரண்டு பேருமாகப் போவோம். நீ பேசவேண்டாம், கூட நின்றால் போதும். வர முடியாது என்றால் முன்னாலேயே எழுதிவிடு, நான் தனியாகப் போய்க்கொள்கிறேன்.

ஹாஸ்டல் பின்கோடு பழையதுதானே? கருப்பட்டிக்கு எறும்பு வரும், டப்பாவில் போட்டு மூடி வை. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி.

அப்பா