இணையவழி மருத்துவச் சான்று: எதை ஏற்பது, எதைத் தள்ளுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலைபேசி வழியாக மருத்துவரிடம் ஆலோசனை பெற்று வாங்கும் விடுப்புச் சான்றுகளை அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் அடியோடு நிராகரிக்க வேண்டும் என்று தங்கள் வாசகர் பகுதியில் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். போலிச் சான்றுகள் மீது அவருக்குள்ள கோபம் நியாயமானதே. ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீசில் நெடுங்காலம் விடுப்புக் கணக்குகளைக் கவனித்து ஓய்வு பெற்றவன் என்பதால் அந்தக் கோபம் எனக்கும் பழக்கமானதுதான். ஆனால் அவர் சொல்லும் தீர்வு பொய் சொல்பவரைத் தடுக்காது. உண்மையாகவே நோயுற்று, பேருந்து வசதி குறைந்த ஊரில் படுத்திருப்பவரைத்தான் வதைக்கும்.

போலிச் சான்று இணையத்தோடு பிறந்ததன்று. ஊரில் மாரியம்மன் திருவிழா நெருங்கினால், ஒரே கிராமத்திலிருந்து வேலைக்கு வரும் பலருக்கும் ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு கண்டுவிடும். எல்லோருடைய சான்றும் ஒரே லெட்டர்பேடில், ஒரே கையெழுத்தில், நாள் கணக்கு மட்டும் வேறு மையில் நிரப்பப்பட்டு எங்கள் மேசைக்கு வரும். அந்த மருத்துவர்களுக்கெல்லாம் கிளினிக்கும் பெயர்ப்பலகையும் இருந்தன. நோயாளிதான் அங்கே போனதில்லை. அவற்றை முத்திரை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஏற்றுக்கொண்ட நாம், காணொளியில் உண்மையாகவே நோயாளியைப் பார்த்து ஒரு மருத்துவர் எழுதிய சான்றை அலைபேசியில் வந்தது என்பதற்காகத் தள்ளுவது என்ன முறை?

தொலைமருத்துவம் சட்டத்துக்குப் புறம்பானது என்ற எண்ணம் மேலாளர்கள் பலரிடம் இன்னும் இருக்கிறது. மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச் 25ஆம் நாள் வெளியிட்ட தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள், பதிவு பெற்ற மருத்துவர் காணொளி, குரல், எழுத்து ஆகிய மூன்று வழிகளிலும் ஆலோசனை வழங்கலாம் என்று தெளிவாகச் சொல்கின்றன. நோயாளி யார், அவர் வயது என்ன என்பதை மருத்துவர் உறுதி செய்துகொள்ள வேண்டும். தம் பதிவு எண்ணை மருந்துச்சீட்டில் குறிக்க வேண்டும். ஆலோசனை பற்றிய பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும். நேரில் பார்த்தால்தான் சரிப்படும் என்று தோன்றினால் எந்தக் கட்டத்திலும் நோயாளியை மருத்துவமனைக்கு வரச் சொல்லலாம். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் தானாக மருந்து எழுதித் தருவதற்கு இடமில்லை என்றும் அதில் இருக்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில் அரசே இசஞ்சீவனி ஓ.பி. சேவையைத் தொடங்கி, வீட்டிலிருந்தபடியே மருத்துவரைக் கட்டணமின்றிக் கலந்துகொள்ள வழி செய்தது.

அந்த வழிகாட்டுதல்களில், முதன்முறை பார்க்கும் நோயாளிக்குக் காணொளி ஆலோசனையில் எழுதக்கூடிய மருந்துகளுக்குத் தனிப் பட்டியல் ஒன்று உண்டு. கண் அழற்சிக்கான சொட்டு மருந்து அதில் எடுத்துக்காட்டாகவே குறிப்பிடப்பட்டுள்ளது. நாம் மெட்ராஸ் ஐ என்று சொல்கிறோமே, அதற்குத்தான். இதை நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் எங்கள் உறவுக்காரப் பெண்.

அவள் மின்னணு உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து, அங்குள்ள விடுதியிலேயே தங்கியிருப்பவள். வார விடுமுறைக்கு அஞ்செட்டிக்கு அப்பால் காட்டோரத்தில் இருக்கும் தன் ஊருக்கு வந்தவளுக்கு இரண்டு கண்களும் சிவந்து, காலையில் இமை ஒட்டிக்கொண்டது. அன்று நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். காணொளியில் வந்த மருத்துவர் அம்மையார் முதலில் பெயர், வயது, ஊர் கேட்டு அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார். பிறகு சன்னல் வெளிச்சத்தில் நின்று கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டச் சொன்னார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரிலிருந்த நாட்காட்டியின் சிறிய எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, மற்றொரு கண்ணுக்கும் அப்படியே செய்தார். வெளிச்சம் பட்டால் வலிக்கிறதா, கான்டாக்ட் லென்ஸ் போடும் பழக்கம் உண்டா, விடுதியில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று விசாரித்தார். பார்வை மங்கினாலோ வலி கூடினாலோ சொட்டு மருந்தை நம்பிக் காத்திருக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று இருமுறை சொன்ன பிறகே மருந்துச்சீட்டும், சில நாள் ஓய்வு தேவை என்ற சான்றும் வந்தன. இரண்டிலும் அவருடைய பதிவு எண் இருந்தது. நேரில் ஓ.பி. வரிசையில் நின்று மருத்துவரைப் பார்க்கும் பலருக்கு இத்தனை கேள்விகள் வாய்ப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆன்லைன் சான்று செல்லாது, நேரில் மருத்துவரைப் பார்த்து வாங்கி வா என்று நிறுவனத்தில் திருப்பிவிட்டார்கள். அதாவது, தொட்டால் பரவும் கண்நோயுள்ள ஒருத்தி, வீட்டிலேயே இரு என்று மருத்துவர் சொன்ன பிறகும், நெரிசலான பேருந்தின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு போய், காத்திருப்போர் நடுவில் உட்கார்ந்து, வீட்டில் இருக்க வேண்டும் என்று எழுதிய இன்னொரு காகிதத்தை வாங்கி வர வேண்டும். அவள் போகவில்லை. அந்த நாள்களுக்குச் சம்பளம் பிடிக்கப்பட்டது.

சித்தேரி, வத்தல்மலை, உரிகம் போன்ற மலையோர, காட்டோர ஊர்களில் இருப்பவர்களுக்கு மருத்துவரை நேரில் பார்ப்பதே ஒரு நாள் வேலை. மருத்துவம் மக்களைத் தேடிப் போக வேண்டும் என்று சொல்லித் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது என்பதை நம்மூர் மேலாளர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

இனி, நண்பர் கண்டிக்கும் பக்கத்துக்கு வருகிறேன். எத்தனை நாள் வேண்டும் என்று முதலிலேயே கேட்டு, நாளுக்கேற்ப விலை சொல்லி, முன்தேதியிட்டும் தருவோம், அலுவலகம் ஏற்காவிட்டால் பணம் வாபஸ் என்று அறிவிக்கும் கடைகள் இணையத்தில் இருக்கின்றன. கடை என்று தெரிந்தேதான் சொல்கிறேன். நோயைக் கேட்பதற்கு முன் நாள் கணக்கைக் கேட்கும் இடத்தில் மருத்துவர் இல்லை. உண்மையான மருத்துவர் சான்று தருவதாக முன்கூட்டி உறுதி கூறமாட்டார். கட்டணம் ஆலோசனைக்குத்தானே தவிர, சான்றுக்கன்று. முந்தாநாளே காய்ச்சல் தொடங்கிவிட்டது என்றால், தாம் பார்த்த தேதியையே இட்டு, முந்தாநாள் முதல் காய்ச்சல் இருந்ததாக நோயாளி கூறுகிறார் என்று எழுதலாமே ஒழிய, பார்க்காத தேதியில் பார்த்ததாக எழுத முடியாது. பொய்ச் சான்றில் கையெழுத்திடும் மருத்துவரின் பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்க 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை ஒழுங்குமுறைகள் இடம் தருகின்றன.

அதே ஒழுங்குமுறைகளின் பின்னிணைப்பில் விடுப்புச் சான்றுக்கு ஒரு மாதிரிப் படிவம் இருக்கிறது. அதில்தான் உண்மையான சிக்கல் உள்ளது. நோயாளியின் கையொப்பம் அல்லது பெருவிரல் ரேகையும், அங்க அடையாளமும் மருத்துவரின் முன்னிலையில் நிரப்பப்பட வேண்டும் என்கிறது அந்தப் படிவம். கவனமாகப் பரிசோதித்த பிறகு, உடல்நிலை தேற இத்தனை நாள் பணிக்கு வராதிருப்பது அவசியம் என்று கருதுகிறேன் என மருத்துவர் அதில் உறுதி கூறுகிறார். கொடுத்த சான்றுகளுக்கு அவர் தனிப் பதிவேடும் வைத்திருக்க வேண்டும். காணொளியில் முகம் பார்த்துப் பேசுவதை இந்த ‘முன்னிலையில்’ என்பதற்குள் அடக்கலாமா என்பதில் தெளிவு வந்தாலொழிய, எச்சரிக்கையான நிறுவனம் தயங்கத்தான் செய்யும். அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். தயக்கத்தின் சுமை முழுவதையும் தொழிலாளியின் தலையில் இறக்கிவிடுவதைத்தான் குறை சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் காணொளி போதும் என்று வாதிடுவதும் என் நோக்கமன்று. எலும்பு முறிவு, நெஞ்சு வலி, நீண்ட விடுப்பு, கனரக இயந்திரத்தில் மீண்டும் ஏறுவதற்கான ஃபிட்னஸ் சர்டிபிகேட் ஆகியவற்றுக்கு நேரில் பரிசோதனை வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்கள் நோய்க்கால உதவித்தொகை பெறுவதற்கு அந்த அமைப்பின் மருத்துவர் தரும் சான்றே வழக்கமான வழி. கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும் அந்த உரிமையை, காசு கொடுத்து வாங்கிய ஒரு காகிதத்தை நம்பி இழந்துவிடக் கூடாது என்று இளைஞர்களுக்குச் சொல்வேன்.

ஆனால் இரண்டு மூன்று நாள் காய்ச்சலுக்கும், வயிற்றுப்போக்குக்கும், கண்நோய்க்கும் டைம் ஆபீஸ் பார்க்க வேண்டியவை எளியவை. மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் அல்லது தேசியப் பதிவேட்டின் இணையப் பக்கத்தில் ஒத்துப்போகின்றனவா, ஆலோசனை நடந்த தேதியும் சான்றின் தேதியும் பொருந்துகின்றனவா, கூடவே மருந்துச்சீட்டு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மருந்துச்சீட்டே இல்லாமல் சான்று மட்டும் வந்தால் சந்தேகப்படலாம். ஐயம் தீரவில்லை என்றால் தொழிலாளியின் ஒப்புதலோடு அந்த மருத்துவரிடமே, இந்தச் சான்று தாங்கள் கொடுத்ததுதானா என்று மட்டும் கேட்கலாம். நோயைப் பற்றித் துருவ வேண்டியதில்லை. இடையில் ஒன்று: பெண்களின் சான்று லைன் லீடர், சூப்பர்வைசர் என்று கைமாறி, எல்லோரும் நோயின் பெயரைப் படித்த பிறகே டைம் ஆபீசுக்கு வரும் வழக்கத்தையும் இத்தோடு நிறுத்தினால் நல்லது. உறையிலிட்டு நேராக எங்கள் மேசைக்கே அனுப்பலாம்.

எந்த நோய்க்கு, எத்தனை நாள் வரை, என்னென்ன விவரங்களுடன் இணையவழிச் சான்று ஏற்கப்படும் என்பதை நிறுவனங்கள் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். சான்றைத் திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். படிவத்திலுள்ள அந்த ஒரு வரியைக் காணொளிக்கு எப்படிப் பொருத்திக்கொள்வது என்பது குறித்து மருத்துவக் கவுன்சிலின் விளக்கத்தைக் கேட்டுப் பெற்றுத் தங்கள் இதழில் வெளியிட்டால், ஓசூரிலும் தருமபுரியிலும் உள்ள டைம் ஆபீஸ்களில் அதை வெட்டி ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டைம் ஆபீஸ் ஊழியர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.